மச்சத்தை எடுப்பதென்றால், இழுப்பு எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தேன். பின் வரிசை வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் ஆஸ்பத்திரி கார்டோடு வந்து வாசலில் நின்றார்கள். பெண்ணுக்குப் பதினேழு வயது, இந்த வருஷம் பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதுகிறாள். வலது தோள்பட்டையின் பின்பக்கம் பிறந்ததிலிருந்தே ஒரு கறுப்பு மச்சம், லேசாக முடியும் உண்டு. டேப்பை வைத்து அளந்தேன். அகலம் 5 சென்டிமீட்டர், நீளம் 7. ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் நாலைந்து வழி சொல்லி, வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பாதி மலாய், பாதி இங்கிலீஷ். அம்மாவுக்குப் பாதிதான் பிடிபட்டது.

"டிரசர் தாத்தா, எத்தனை தையல் போடுவாங்க?" என்றாள் பெண்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முப்பத்தேழு வருஷம் டிரசராக, அதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவனாக, இருந்தவன் நான். பால்மரம் போய் செம்பனை வந்ததையும், லயங்கள் காலியாகி ஜனங்கள் டவுனுக்குக் குடிவந்ததையும் பார்த்தாயிற்று. இந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை. தையல் எண்ணிக்கையை வைத்துத்தான் காயத்தின் பெருமையே. ஆனால் தழும்பு எப்படி வரும் என்பதை எண்ணிக்கை சொல்லாது. வெட்டிய இடத்தில் தோலை எவ்வளவு இழுத்து மூடுகிறார்கள், அந்த இழுப்பை எது தாங்குகிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான் சொல்லும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் முழங்காலில் செம்பனை அரிவாள் பட்டு வந்தான். தடித்த கறுப்பு நூலால் எட்டுத் தையல், ஒவ்வொன்றையும் இறுக்கிக் கட்டினேன். பதினாலு நாள் கழித்துப் பிரித்தபோது கோடு போட்டது போல அழகாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆறு மாதத்தில் அந்தக் கோடு சுண்டுவிரல் அகலத்துக்கு விரிந்து, இரண்டு பக்கமும் நூல் அறுத்த தடங்களோடு பூரான் மாதிரி ஆகிவிட்டது. கள்ளுக்கடையில் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு "இது டிரசர் வளர்த்த பூரான்" என்று காட்டுவானாம். இழுப்பு முழுவதையும் மேல்தோலில் இருந்த நூலே தாங்கும்படி விட்டது என் தப்பு. நூலைப் பிரித்ததும் தாங்க ஆளில்லை. முழங்காலோ ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மடங்குகிற இடம்.

கணக்கைப் பாருங்கள். மூடிய காயத்துக்கு முதல் வாரக் கடைசியில் பழைய தோலின் பலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இருக்காது. மூன்று வாரத்தில் இருபது பங்கு. மூன்று மாதத்தில் எண்பது. அதற்கு மேல் ஏறுவதில்லை. முதுகுத் தையலை நாம் பிரிப்பதோ பத்துப் பன்னிரண்டு நாளில். ஆக, வெளியே ஆறிவிட்டதாகத் தெரிகிற காயம் உள்ளே இன்னும் நூலிழையில்தான் தொங்குகிறது. அந்தச் சமயத்தில் இரண்டு பக்கத் தோலும் இழுத்தால் தழும்பு அகலமாகும். இன்னொரு தொல்லையும் உண்டு. இழுப்பை உணர்கிற காயத்து உயிரணுக்கள், "இன்னும் பலம் வேண்டும் போலிருக்கிறது" என்று நாரை மேலும் மேலும் நெய்துகொண்டே போகும். தழும்பு தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோல் நீளாதா என்று அம்மா கேட்டாள். நீளும். தைப்பூசத்தில் முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். தோல் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். கொக்கியைக் கழற்றினால் சாயங்காலத்துக்குள் பழையபடி படிந்துவிடும். சுருண்டு கிடக்கிற நார்கள் நேராகிக் கொடுக்கிற நீளம் அது. கடன் வாங்கிய நீளம், திருப்பிக் கேட்கும். கர்ப்பிணியின் வயிறு வேறு கதை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தள்ளுவதால் அங்கே தோல் புதிதாகவே வளர்கிறது. டாக்டர் சொன்ன வழிகளுக்குள் இருக்கிற வித்தியாசத்தில் பாதி இதுதான்: சில வழிகள் கடன் வாங்குகின்றன, சில வழிகள் வளர்க்கின்றன.

ஒரே மூச்சில் வெட்டி மூடுவதைத்தான் அம்மா விரும்பினாள். ஒரு தடவை போனோம், வந்தோம், வேலையில் ஒரு தடவை லீவு எடுத்தால் போதும். வட்டமாக வெட்டி மூடினால் இரண்டு ஓரத்திலும் தோல் நாய்க்காது போலத் துருத்தும் என்பதால், படகு வடிவில்தான் வெட்டுவார்கள். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 5 சென்டிமீட்டர் மச்சத்துக்குத் தழும்பு 15 சென்டிமீட்டர். அதைக் கேட்டதும் பெண்ணின் முகம் மாறிவிட்டது. 5 சென்டிமீட்டர் இடைவெளியை மூட, இரண்டு பக்கமும் தோலை அடியிலிருந்து பிரித்தெடுத்து நகர்த்த வேண்டும். அது உதவும், ஆனால் ஒரு அளவுக்குத்தான். இழுப்பு மிஞ்சினால் ஓரம் வெளுக்கும். ரத்தம் போகாத ஓரம் கறுத்து அழுகவும் கூடும். நல்ல டாக்டர் உள்ளே கரைகிற நூலால் ஒரு அடுக்குத் தையல் போட்டு, இழுப்பை அதன் மேல் ஏற்றிவிட்டு, மேல்தோலைச் சும்மா சேர்த்து மட்டும் வைப்பார். ஆனால் கரைகிற நூலுக்கும் ஆயுள் உண்டு. விக்ரில் மூன்று வாரத்தில் பாதி பலத்தை இழந்துவிடும். பி.டி.எஸ். என்கிற நூல் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், பலமும் விக்ரிலைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். தோள்பட்டையோ கையைத் தூக்கும்போதெல்லாம் இழுபடுகிற இடம். 2 சென்டிமீட்டர் மச்சமாக இருந்தால் நானே இந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன். ஐந்துக்குச் சொல்ல மாட்டேன்.

இரண்டு மூன்று தவணையாக எடுப்பது இன்னொரு வழி. முதல் தடவை மச்சத்தின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு படகு வெட்டி மூடுவார்கள். சுற்றி மச்சம் இன்னும் இருக்கும், முன்னைவிட ஒடுங்கலாக. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை விட்டுவிட்டால் சுற்றுத் தோல் இளகிக் கொடுக்கும். மறுபடி வெட்டும்போது முதல் தழும்பும் மிச்ச மச்சத்தோடு சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் மூட வேண்டிய அகலம் குறைவு, அதனால் இழுப்பும் குறைவு. கடைசித் தழும்பும் அந்தப் பதினைந்தை விடக் குட்டையாக முடியும். பாதகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மூன்று தடவை மரப்பு ஊசி, இரண்டு மூன்று தடவை தையல், வருஷம் ஒன்று ஓடிவிடும். அதற்குள் பெண் எங்கே படிக்கப் போவாளோ! சின்ட்டோக்கிலோ சபாவிலோ இடம் கிடைத்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஈப்போ வர வேண்டும்.

பலூன் என்று டாக்டர் சொன்னதை அம்மா தமாஷ் என்று நினைத்துவிட்டாளாம். தமாஷ் இல்லை. நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்து, வாரா வாரம் உப்புத் தண்ணீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை உப்ப வைப்பார்கள். வயிறு வளர்வதைப் போலத்தான், நிஜமாகவே புதுத் தோல் உண்டாகும். பிறகு பையை எடுத்துவிட்டு, அந்த உபரித் தோலை இழுத்து மச்சம் இருந்த இடத்தை மூடுவார்கள். 1957-இல், நம் மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த அதே வருஷம், நியூமன் என்ற அமெரிக்க டாக்டர் ஒருவருக்குக் காது அமைக்க ரப்பர் பலூனை வைத்து இதைச் செய்த விவரத்தை எழுதினார். அப்போது உலகத்து ரப்பரில் நம் தோட்டங்களின் பங்கு சின்னதல்ல. அந்தப் பலூனில் யார் மங்குக் கிண்ணத்தில் வடிந்த பால் இருந்ததோ. நிற்க. மார்பு எடுத்தவர்களுக்கும், தலையில் பெரிய தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கும், கையகலத்துக்கு மேற்பட்ட மச்சங்களுக்கும் இது பெரிய வரம். 5 சென்டிமீட்டருக்கு இத்தனை பாடு எதற்கு? இரண்டு ஆப்பரேஷன், வாரா வாரம் பஸ், பையில் கிருமி சேரும் பயம், பள்ளிச் சட்டைக்குள் ஒரு புடைப்பு. எஸ்.பி.எம். வருஷத்தில் நான் இதை நினைத்தே பார்க்க மாட்டேன்.

ஒட்டுத்தோல் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தொடையிலிருந்து மெல்லியதாகச் சீவி எடுத்து வைப்பது. இழுப்பே கிடையாது, ஆனால் நிறம் சேராது, பள்ளமாகத் தெரியும், தொடையிலும் ஒரு தழும்பு. எங்கள் தோட்டத்தில் ஆட்களைக் கண்காணிக்கிற மண்டோர் மோட்டாரிலிருந்து விழுந்து முன்கால் எலும்பு தெரிய வந்தார். அங்கே கிள்ளிப் பார்த்தால் விரலுக்கு அகப்பட ஒன்றும் இருக்காது, அவ்வளவு இறுக்கமான தோல். அவருக்கு ஒட்டுத்தோல்தான் கைகொடுத்தது. காலில் வேறு நிறத்தில் ஒரு சதுரம் இருப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. பதினேழு வயதுப் பெண்ணின் தோளில் அது வேண்டாம். பக்கத்துத் தோலைத் திருப்பிப் போட்டு மூடும் முறை முகத்துக்கு அருமையானது, முதுகில் கூடுதல் கோடுகளைத்தான் தரும்.

தோலை இழுத்துப் பிடிக்கிற கருவி ஏதோ இருக்கிறதாமே என்று அம்மா கேட்டாள், யாரோ போனில் வீடியோ அனுப்பியிருந்தார்களாம். இருக்கிறது. அது இந்த மாதிரி மச்சத்துக்கு அல்ல. பழ லாரியின் டிரெய்லர் ஏறி நசுங்கிய காலை ஒருமுறை பார்த்தேன். உள்ளே வீங்கி ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்று, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோலையும் தசையைச் சுற்றிய உறையையும் நீளமாகப் பிளந்து விட்டிருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் இரண்டு ஓரத்திலும் பின் அடித்து, ரப்பர் வளையத்தைச் சப்பாத்துக் கயிறு கோப்பது போலக் குறுக்கும் நெடுக்கும் கோத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஒன்பதாம் நாள் ஓரங்கள் சேர்ந்துவிட்டன. ஒட்டுத்தோல் தேவைப்படவில்லை. ஒரேயடியாக இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். நாளுக்கு நாள் இழுத்ததால் தோல் மசிந்து கொடுத்தது.

தைக்காமல் தானாக ஆறவிடுவது என்ற வழியும் டாக்டர்கள் வைத்திருப்பதுதான். காது மடிப்பு, மூக்கோரம் போன்ற குழிவான இடங்களில் அது ஆச்சரியப்படும்படி நன்றாக ஆறும். தோளில் ஆறாது என்றில்லை, அகலமான தழும்பை விட்டுப் போகும். லேசர் அடித்தால் மேல் நிறம் மங்கலாம், ஆழத்தில் இருக்கிற மச்ச அணுக்கள் அப்படியே இருக்கும். கைப்பேசியில் வருகிற விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் அம்மாவின் காதைக் கவனித்தேன். வலது காது மடலில், இரண்டாவது துளை குத்திய இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பளபளப்பான கட்டி. தோட்டை மறைப்பாக மாட்டியிருந்தாள். "இது எப்ப வந்தது?" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் குத்தியதாம், வளர்ந்துகொண்டே இருக்கிறதாம், அரிக்குமாம்.

அங்கே என் கணக்கு மாறியது. அது கெலாய்ட். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கிற தழும்பு ஒன்று உண்டு, அது ஒன்றிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் தணியும். கெலாய்ட் அப்படி அல்ல. எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும், தானாக அடங்காது, வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு அதிகம், குடும்ப வழியாக வரும், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் ஜாஸ்தி. பிடித்தமான இடங்கள் காது மடல், நெஞ்சு நடு, தோள், மேல் முதுகு. காதைத் தவிர மற்றவை எல்லாம் எப்போதும் இழுபடுகிற இடங்கள். கண் இமையில் கெலாய்டைக் காண்பது அபூர்வம், அங்கே இழுப்பே கிடையாது. பெண்ணுக்கு இதில் எல்லாம் பொருந்தி வருகிறது: நிறம், வயது, குடும்பம், இடம். ஈப்போ டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்றால், "என் காதைப் பத்தி யாருங்க ஐயா கேட்டா?" என்கிறாள் அம்மா.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதையும் சரிசமமாக எடை போட வேண்டும். இந்த அளவு மச்சம் புற்றாக மாறுவது அபூர்வம். அந்தப் பயம் 20 சென்டிமீட்டருக்கு மேல் போகிற ராட்சத மச்சங்களுக்குத்தான் கூடுதல். ஓரம் கோணலாகப் பரவுகிறதா, நிறம் திட்டுத்திட்டாக மாறுகிறதா, புதுக் கட்டி எழும்புகிறதா, ரத்தம் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அப்படி எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வருஷம் ஒரு தடவை பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். ஆனால் பெண் ஆறாம் வகுப்பு முடித்ததிலிருந்து நீச்சலுக்குப் போவதில்லை. சேலைக்கு ஜாக்கெட் தைக்கும்போது பின்கழுத்தை மூடித் தைக்கச் சொல்கிறாள். அதையும் எடையில் போடாமல் "விட்டுவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொன்னது இது. ஒரே மூச்சில் இறுக்கி மூடுவது வேண்டாம். எடுப்பதென்றால் தவணையாக எடுங்கள். இழுப்பு குறைவு என்பது மட்டும் காரணம் இல்லை. முதல் தவணை உன் தோலுக்கு ஒரு பரீட்சை மாதிரி. அந்தத் தழும்பு ஆறு மாதத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு, தடித்தால் அதோடு நிறுத்திவிட்டு டிரையம்சினலோன் ஊசி, சிலிக்கோன் பட்டை என்று அடக்கப் பார்க்கலாம். மச்சத்தின் நடுவில் ஒரு சின்னத் தடிப்போடு போகும், தோள் முழுக்கப் பதினைந்து சென்டிமீட்டர் கட்டி வராது. அது நல்ல முடிவு என்று சொல்லவில்லை, இரண்டில் தேவலை. பலூனில் அந்தப் பரீட்சைக்கு இடமில்லை. அது எடுத்த எடுப்பில் பெரிய பந்தயம்.

தையல் பிரித்த பிறகு செய்ய வேண்டியதில்தான் நம் ஆட்கள் ஏமாறுவது. பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். மைக்ரோபோர் காகிதப் பட்டையைத் தழும்பின் குறுக்காக ஒட்டி, அது தானாகக் கழன்று வரும்போது மாற்றி, மூன்று மாதம் விடாமல் வைத்தால், நூல் விட்டுப் போன இழுப்பைப் பட்டை கொஞ்சம் தாங்கும். காயம் முழுக்க மூடியதும் சிலிக்கோன் பட்டையும் வைக்கலாம், ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். வெயில் படாமல் மூட வேண்டும், இல்லாவிட்டால் நம் நிறத்துக்குத் தழும்பு கறுத்துவிடும். முதல் ஒன்றரை மாதம் பள்ளிப் பையை வலது தோளில் மாட்டக் கூடாது, நெட்பால் கிடையாது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதால் பலன் இல்லை, சிலருக்குச் சொறி வரும். பாட்டி விரால் சூப் வைத்துத் தரட்டும், மலாயில் ஹாருவான் என்கிற அந்த மீன் புரதத்துக்கு நல்லது, தடுக்க மாட்டேன். ஆனால் தோள் இழுப்பதை எந்த மீனும் நிறுத்தாது. முட்டையும் கோழியும் தின்றால் தழும்பு தடிக்கும் என்று அவளைப் பட்டினி போடவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன், மலாயில். எத்தனை தையல் என்று கேட்காதே, இழுப்பு எந்தப் பக்கம், கோடு எந்தப் பக்கம் வரும் என்று கேள். பால் வெட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கத்தி மரத்தில் சாய்வாகத்தான் போகும், பட்டைக்குள் பால் ஓடுகிற பாதையைப் பார்த்து வைத்த சாய்வு அது. தோலுக்கும் ஒரு போக்கு உண்டு. வியன்னாவில் லாங்கர் என்ற உடற்கூற்று ஆசிரியர் 1861-இல் பிணங்களின் தோலில் வட்ட முனை ஊசியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்காமல் நீண்டு, ஒரே போக்கில் வரிசை கட்டின. அந்தப் போக்கோடு வெட்டினால் தழும்பு மெலியும், குறுக்கே வெட்டினால் வாய் பிளக்கும்.

மச்சம் நெட்டுக்கு நீளம், அதனால் கோடும் நெட்டாகத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். போன வியாழக்கிழமை ஐந்து ரிங்கிட் கட்டி மறுபடி பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மாவின் காதை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துக் கார்டில் எழுதிக்கொண்டாராம். தவணை முறைதான், எஸ்.பி.எம். முடிந்ததும் முதல் தடவை. பெண் என் காகிதத்தை நீட்டியிருக்கிறாள். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, நாலு திசையிலும் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ஊதா பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். வந்து சட்டைக் கழுத்தை ஒதுக்கிக் காட்டினாள். கோடு நெட்டாகவும் இல்லை, படுக்கையாகவும் இல்லை, சாய்ந்து ஓடுகிறது. நானும் அதே இடத்தைக் கிள்ளிப் பார்த்தேன். அவர் போட்டதுதான் சரி. குளித்தால் அழிந்துவிடுமே என்று அம்மா அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.